இவ்வளவு

சட்டசபையில் பதினேழு வருஷம்
சுருக்கெழுத்து எழுதினேன்.
கோடு, வளைவு, கொக்கி, புள்ளி.
கத்தியவரும் முனகியவரும் என் தாளில் ஒரே உயரம்.

சேலியமேட்டுத் தாண்டவராயன்
நாற்பத்தொரு ஓட்டில் ஜெயித்து வந்தவர்.
எண்ணி முடித்த ராத்திரி
மாலையோடு நேரே வயலுக்குப் போய்
மடை மாற்றிவிட்டுத்தான் வீடு திரும்பினாராம்.
முறைத்தண்ணீர், விட்டால் இன்னும் எட்டு நாள்.
வரப்பில் கழற்றி வைத்த மாலையை
ஆடு தின்றுவிட்டது.

நாலு காணி நிலம்.
பிரெஞ்சுக்காரன் காலத்தில்
எல்லைக்கோடு அதன் நடுவில் ஓடியது.
ஏர் பூட்டினால்
இடத்து மாடு பிரான்சில்,
வலத்து மாடு தென்னாற்காட்டில்.
அறுத்ததைக் களத்துக்குக் கொண்டுபோக
சுங்கச்சாவடியில் சீட்டு வாங்க வேண்டும்.
வண்டியில் என்ன என்று சிப்பாய் கேட்டதற்கு
"உங்க நாட்டு வைக்கோலு, அவங்க நாட்டு நெல்லு" என்றாராம்.
பொழுது சாயும்வரை
சாவடி வேம்பின் கீழ் மாட்டோடு நிற்க வைத்தார்கள்.
இதெல்லாம் டீக்கடையில் சொன்னது.
அவைக்குறிப்பில் தேடாதீர்கள்.

கோடு போனது, வெள்ளைக்காரனும் போனான்.
தண்ணீருக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை போலும்:
அணைக்கட்டு அந்தப் பக்கம்,
ஏரி இந்தப் பக்கம்.

கன்னியக்கோயில்வரை சைக்கிள்,
அங்கிருந்து கடலூர் பஸ் பிடித்து வருவார்.
சட்டைக் காலரில் இஸ்திரி மடிப்பு,
கணுக்காலில் காய்ந்த சேறு.
ஐப்பசிக் கூட்டத்தில் விடுப்புக் கடிதம் கொடுத்தார்:
நாற்று முற்றிவிட்டது, மூன்று நாள் வேண்டும்.
சபாநாயகர் அதை வாசித்தார்.
அடைப்புக்குறி போட்டு
'சிரிப்பு' என்று எழுதினேன்.

முதல் பேச்சு, பொதுப்பணி மானியத்தின்போது.
"வாய்க்கால்ல தண்ணி வருதுங்க, இல்லேன்னு சொல்லல.
இவ்ளோ வருது"
என்று கையைக் காட்டினார்.

என் பென்சில் நின்றது.
கைக்குக் குறி கிடையாது எங்கள் எழுத்தில்.
கீழே ஒரு கை, மேலே ஒரு கை,
நடுவில் காற்று.
ஒரு சாணா, முக்காலா?
நிமிர்ந்து பார்ப்பதற்குள் இறக்கிவிட்டார்.
'சிறிதளவு' என்று எழுதினேன்.
மாண்புமிகு உறுப்பினர்
நீர்வரத்து சிறிதளவே எனத் தெரிவித்தார்.
அச்சில் பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

ஏழு மாதம் கழித்துப் பதில் வந்தது.
சிறிதளவு என்பதற்குப் புள்ளிவிவரம் இணைக்கப்படாமையால்
கோரிக்கை பரிசீலனைக்கு ஏற்றதாக இல்லை.

தாளை என் மேஜையில் வைத்தார்.
"நீங்க எழுதினதா?"
"ஆமாம்."
"நான் இவ்ளோன்னுதானே சொன்னேன்."
மறுபடி அதே கை.
டிராயரிலிருந்து ஸ்கேலை எடுத்து
இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்தேன்.
ஏழரை அங்குலம்.
"ஏழரையா! சனி சரியாத்தான் புடிச்சிருக்கு" என்றார்.
அடைப்புக்குறி இல்லாமல் இரண்டு பேரும் சிரித்தோம்.

அடுத்த கூட்டத்துக்கு
அளவாக நறுக்கிய மூங்கில் துண்டோடு வந்தார்.
தடியோடு உள்ளே விடமாட்டேன் என்று
வாயிற்காவலர் வாங்கி வைத்துக்கொண்டார்.
வெறுங்கையோடு நின்று 'ஏழரை அங்குலம்' என்றார்.
ஒரு எழுத்து பிசகாமல் எழுதினேன்.
பதில் வருமுன் சபை கலைந்தது.

மறு தேர்தலில் டெபாசிட் போனது.
அந்தப் பணத்துக்குத்தான்
வலத்து மாட்டை விற்றிருந்தார் என்று பிறகு கேள்விப்பட்டேன்.
மூங்கில் துண்டு வாசலிலேயே கிடந்தது.
அதை வைத்துக் காவலர் நாய் விரட்டுவார்.

போன தை மாதம் பஸ்ஸில் பாகூர்ப் பக்கம் போனேன்.
ரோட்டோரத்து வாய்க்காலில்
முழங்காலுக்கு மேல் வேட்டியை மடித்துக் கட்டி
யாரோ நின்றிருந்தார்.
ஜன்னலில் என்னைக் கண்டதும்
கையசைக்கவில்லை.
இரண்டு கையையும் தூக்கி
ஒன்றைக் கீழே, ஒன்றை மேலே
நிறுத்திக் காட்டினார்.

டிரைவர் கியரைப் போட்டார்.
ஒரு புளியமரம் குறுக்கே வந்தது.
எவ்வளவு என்று
இந்த முறையும் நான் பார்க்கவில்லை.